கோவைக் குளக்கரைப் பூங்காக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், செல்வசிந்தாமணி, முத்தண்ணன்குளம், சிங்காநல்லூர்க் குளம் ஆகியவற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களும் புதிதாகக் குடிவந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. உள்ளூர்க்காரர்களுக்கும் தெரியாத சில சங்கதிகள் நடுவே வரும்.

கோயம்புத்தூர்ல பெரிய பூங்கா எதுங்க?

பெயர்ப்பலகையில் 'பூங்கா' என்று எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, நேரு விளையாட்டரங்கத்தை ஒட்டிய வ.உ.சி. பூங்கா. கோவை மத்திய சிறையில் செக்கிழுத்த வ.உ. சிதம்பரம் பிள்ளையின் பெயர் அதற்கு. அங்கிருந்த உயிரியல் பூங்காவுக்கு இடம் போதவில்லை என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022-இல் அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. அதனால் விலங்குகளைப் பார்க்கும் ஆசையோடு குழந்தைகளை அங்கே அழைத்துப் போகாதீர்கள். இன்னொன்று, காந்திபுரத்தில் மத்திய சிறை நிலத்தில் 45 ஏக்கரில் அமைந்த செம்மொழிப் பூங்கா. 2010 ஜூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது அறிவிக்கப்பட்டு, 2025 நவம்பரில்தான் திறக்கப்பட்டது.

பரப்பை வைத்துப் பார்த்தால் கதை வேறு. பெரியகுளம் மட்டும் 300 ஏக்கருக்கு மேல். குறிச்சிக்குளமும் அதே அளவு. சிங்காநல்லூர்க் குளம் 288 ஏக்கர். நகருக்குள் வானம் முழுதாகத் தெரியும் இடம், மேற்கே மலை வரிசை தடையில்லாமல் தெரியும் இடம் இந்தக் குளக்கரைகள்தான். கடந்த சில ஆண்டுகளில் நடைபாதையும் விளக்கும் இருக்கையும் வந்தபின் ஊர் மக்களும் இவற்றையே பூங்காவாகப் பயன்படுத்துகிறார்கள்.

இந்தக் குளங்க எல்லாம் தானா உண்டானதா, வெட்டுனதா?

மனிதர் அமைத்தவை. கோவை, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிற ஊர். ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழைதான். ஆனால் நகருக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலையில் நல்ல மழை. அந்த நீரைக் கொண்டுவருவது நொய்யல். பெரியாறு, சின்னாறு போன்ற ஓடைகள் கூடுதுறையில் சேர்ந்து நொய்யலாகி, பேரூர், கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்குப் பக்கத்திலேயே காவிரியில் கலக்கிறது. பழம்பெயர் காஞ்சிமாநதி.

இந்த ஆற்றில் ஆண்டு முழுதும் தண்ணீர் ஓடாது. மலையில் மழை கொட்டும் சில வாரங்களில் பெருக்கெடுக்கும், பிறகு வறளும். அந்தச் சில வார வெள்ளத்தைப் பிடித்துவைக்கத்தான் ஆற்றின் குறுக்கே சித்திரைச்சாவடி, கோயம்புத்தூர், குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர் என்று வரிசையாக அணைக்கட்டுகளைக் கட்டினார்கள். அணைக்கட்டு என்றதும் மேட்டூரை நினைக்க வேண்டாம். ஆற்றை நிறுத்தாமல், மட்டத்தைச் சற்று உயர்த்தி, ஒரு பங்கை மட்டும் வாய்க்காலுக்குத் திருப்பும் தாழ்வான கற்சுவர் அது. மிச்சம் மேலே வழிந்து அடுத்த அணைக்கட்டுக்குப் போய்விடும்.

வாய்க்கால் நீர் ஒரு குளத்தோடு நிற்பதில்லை. நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன்குளம் என்று மேற்கிலிருந்து கிழக்கே இறங்கி வருகிறது. முத்தண்ணன்குளத்து நீர் செல்வசிந்தாமணிக்கு, அங்கிருந்து பெரியகுளத்துக்கு, பெரியகுளம் நிரம்பினால் வாலாங்குளத்துக்கு. மேலே உள்ள குளத்துக் கலிங்கு வழிந்தால்தான் கீழே உள்ளதற்கு வரத்து. கலிங்கு என்பது கரையில் விட்டுவைத்த கல் வழிவு. மட்டம் அதைத் தொட்டதும் உபரி நீர் தானாக வெளியேறும். பாசனத்துக்கு வேண்டும்போது திறப்பது மதகு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, வெள்ளக் காலத்தில் 'கலிங்கைத் திறந்துவிடவில்லை' என்று சண்டை போடுபவர்கள் உண்டு. திறக்க அதில் கதவே இல்லை.

எவ்வளவு பழசுங்க?

ஒவ்வொரு குளத்துக்கும் ஒவ்வொரு கதை சொல்வார்கள். நமக்குக் கல்வெட்டு இருக்கிறது. பேரூர் பட்டீசுவரர் கோயிலில் கொங்குச் சோழன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. கோவன்புத்தூர்க்காரர்கள், அதாவது இன்றைய கோவைக்காரர்கள், தேவிசிறை என்ற அணையைக் கட்டிக்கொள்ள அனுமதி தருகிறது. கூடவே ஒரு நிபந்தனை: ஏற்கெனவே உள்ள கோளூர் அணைக்குத் தண்ணீர் முடை வராதபடி, அதற்குக் கீழே கட்டிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கல்வெட்டைக் கோவைக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நொய்யலில் அணைகள் இருந்தன, இன்னொன்று கட்ட அனுமதி வாங்க வேண்டியிருந்தது, முன்னவர் உரிமை எழுத்தில் காக்கப்பட்டது என்ற மூன்றும் அதில் தெரிகின்றன.

இப்ப இருக்கிற நடைபாதை, விளக்கெல்லாம் எப்ப வந்தது?

குளங்கள் பொதுப்பணித்துறையின் கையில் இருந்தன. நகரம் வளர, ஆயக்கட்டு வயல்கள், அதாவது குளத்து நீரில் பாசனம் பெற்ற வயல்கள், மனைகளாயின. பாசனம் நின்றதும் குளத்தைக் கவனிக்க ஆளில்லாமல் போனது. குப்பையும் சாக்கடையும் கட்டடக் கழிவும் சேர்ந்தன. அம்மன்குளம் போன்றவை பெயரில் மட்டும் குளமாகி, வீடுகளாகிவிட்டன. 2010-இல் மாநகராட்சி எட்டுக் குளங்களை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தது. 2013 கோடையில் பெரியகுளம் வறண்டு கிடந்தபோது, சிறுதுளி அமைப்பும் குடியிருப்போர் சங்கங்களும் கல்லூரி மாணவர்களுமாக ஞாயிறுதோறும் திரண்டு தூர்வாரினார்கள். அந்த ஆண்டுகளில்தான் 'இது நம்ம குளம்' என்ற எண்ணம் ஊருக்குள் திரும்பி வந்தது.

2016 ஜனவரியில் வெளியான முதல் 20 ஸ்மார்ட் சிட்டி நகரங்களின் பட்டியலில் கோவை இடம்பெற்றது. அந்தத் திட்டப் பணத்தில்தான் கரை பலப்படுத்தல், நடைபாதை, மிதிவண்டிப் பாதை, விளக்கு, விளையாட்டுத் திடல், படகுத்துறை எல்லாம் வந்தன. கரைகளில் பல தலைமுறை குடியிருந்த குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி முதலிய இடங்களில் வாரியக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. நாம் இன்று காற்று வாங்கும் கரையில் அவர்கள் வாழ்ந்தார்கள். டவுனுக்குள் வீட்டுவேலைக்கும் மார்க்கெட் வேலைக்கும் நடந்தே போனவர்களுக்கு இப்போது நீண்ட பஸ் பயணம். பூங்காவின் வரலாற்றை எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

எந்தக் குளத்துக்கு எதுக்காகப் போறது?

*குடும்பத்தோடு மாலைப்பொழுது:* பெரியகுளம் அல்லது வாலாங்குளம். உக்கடம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் பெரியகுளம் பக்கத்திலேயே. பொள்ளாச்சி, பழனி, உடுமலை, பாலக்காட்டுப் பேருந்துகள் வந்துபோகும் இடம் என்பதால், வெளியூர் போகும் வழியில் ஒரு மணி நேரம் கிடைத்தாலும் போய்வரலாம். பெரியகுளத்தில் மிதக்கும் சூரிய மின்தகடுகளும் உண்டு, 154 கிலோவாட் திறன். தகடு நீரின் மேல் இருப்பதால் சூடு குறைந்து, மின் உற்பத்தி சற்றுக் கூடும். வாலாங்குளம் சுங்கம் பைபாஸ் சாலையை ஒட்டியது. ரயில் தண்டவாளமும் பக்கத்தில் போவதால், சின்னக் குழந்தைகளுக்குப் போத்தனூர் ரயிலே பாதி வேடிக்கை.

*படம் எடுக்க:* குறிச்சிக்குளம். தமிழ் எழுத்துகளைக் கோத்துச் செய்த 20 அடி திருவள்ளுவர் சிலை இங்கேதான். ஆத்துப்பாலம் தாண்டிப் பொள்ளாச்சி சாலையில் போக வேண்டும். 2024 ஆகஸ்டில் உக்கடம் மேம்பாலம் திறந்தபின் போவது எளிது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மேம்பாலத்தில் ஏறிவிட்டால் குளத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விடும் இறக்கங்கள் உண்டு. குளத்துக்கே போகிறவர்கள் பலகையைப் பார்த்து இறங்குங்கள், சந்தேகமென்றால் கீழ்ச்சாலையிலேயே போங்கள்.

*பறவை பார்க்க:* சிங்காநல்லூர்க் குளம், அடுத்து பெரியகுளத்தின் மேற்குப் பகுதி, மேற்கே கிருஷ்ணாம்பதி. சிங்காநல்லூர்க் குளத்தை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக மாநகராட்சி 2017-இல் அறிவித்தது. செடி, பூச்சி, பறவை எல்லாம் சேர்த்து எழுநூறுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் அங்கே பதிவாகியுள்ளன.

*அமைதியாக நடக்க:* செல்வசிந்தாமணி. அளவில் சிறியது, கூட்டமும் குறைவு.

எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?

நீர் நிறைந்திருக்க வேண்டுமென்றால் நவம்பர் முதல் பிப்ரவரி. வரத்து இரண்டு முறை வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்து, நகரத்தில் வெறும் சாரலடிக்கும்போதே வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை நகரத்திலேயே கொட்டும். இரண்டும் சரியாக அமைந்த ஆண்டில் கார்த்திகையில் குளங்கள் ததும்பும்.

ஏப்ரல், மே மாதங்களில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் அளவுக்கு நீர் ஆவியாகிறது. ஒரு மாதத்தில் அரை அடி போய்விடும். ஓரங்களில் சேறு தெரியும், நாற்றமும் கூடும். ஆனால் அந்தச் சேற்றில்தான் நெடுங்கால் உள்ளான்களும் அரிவாள்மூக்கன்களும் இரை தேடும். பறவை பார்ப்பவர்களுக்கு அதுவும் நல்ல பருவமே.

மழை நாளில் ஒரு எச்சரிக்கை. ஒரு மணி நேரம் கனமழை அடித்தாலே லங்கா கார்னர், அவினாசி சாலை, கிக்கானி பள்ளி ரயில்வே பாலங்களுக்கு அடியில் தண்ணீர் தேங்கும். வாலாங்குளத்துக்கு ரயில் நிலையப் பக்கமிருந்து லங்கா கார்னர் வழியே வருபவர்கள் அன்றைக்கு வேறு வழி பாருங்கள்.

காலையிலா, சாயங்காலமா?

இங்கே ஒரு எளிய கணக்கு இருக்கிறது. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. நீர் மேற்கே நுழையும், பெரிய கரை கிழக்கே நிற்கும். நீங்கள் நடப்பது பெரும்பாலும் அந்தக் கிழக்குக் கரை. காலையில் அங்கே நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். முன்னால் நீர், பறவைகள், மலை எல்லாம் தெளிந்த நிறத்தில் தெரியும். மாலையில் அதே இடத்தில் சூரியன் கண்ணுக்கு நேரே. பறவைகள் கரு நிழலாகத்தான் தெரியும். ஆனால் மலைக்குப் பின்னால் பொழுது சாய்வதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் நகருக்குள் இல்லை. ஆக, பறவைக்கும் நடைக்கும் காலை 6 முதல் 8. காட்சிக்கும் குழந்தைகளுக்கும் மாலை 5 மணிக்கு மேல். நடுப்பகலில் போகாதீர்கள், ஒதுங்க நிழல் கிடையாது.

ஏங்க கரைமேல நிழல் மரமே இல்ல? நட்டு விட்டா என்ன?

நல்ல எண்ணத்தில் கேட்கப்படும் கேள்விதான். ஆனால் கரை என்பது நீரைத் தாங்கும் மண்சுவர். அதன் உச்சியிலோ நீர்ப்பக்கச் சரிவிலோ பெரிய மரம் வளர்ந்தால், வேர் மண்ணைப் பிளக்கும். மரம் பட்டுப்போனபின் வேர் மக்கி, கரைக்குள் குழாய்போல் துளை உண்டாகும். குளம் நிரம்பிய நாளில் அந்தத் துளை வழியே நீர் ஊறி, மண்ணை அரித்து, கடைசியில் கரை உடையும். காற்றில் மரம் சாய்ந்தால் வேரோடு ஒரு லாரி மண்ணும் போகும். பழைய ஆட்கள் கரையில் பனையை விட்டுவைத்தது காரணத்தோடுதான். சல்லிவேர் ஆழமாகவும் அடர்த்தியாகவும் இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

மரம் நட விரும்பும் அமைப்புகளுக்கு: கரைக்கு வெளிப்புற அடிவாரத்திலிருந்து சில அடி தள்ளியும், மேற்கே நீர் நுழையும் உள்வாய் ஓரத்திலும் நடுங்கள். நீர்மருது, புங்கன், நாவல் இவை ஈரத்தைத் தாங்கும். நீர்நடுவில் உள்ள மண்திட்டுகளில் கருவேலம் போதும். கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்ட விரும்பும் மரம் அது.

தண்ணி ஏன் நாறுது? நுரை ஏன் வருது?

நொய்யலின் வெள்ளம் ஆண்டில் சில வாரந்தான். சாக்கடை 365 நாளும் வருகிறது. வாய்க்கால் கடந்துவரும் குடியிருப்புகளின் கழிவுநீர் அதிலேயே விழுகிறது. உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் திறனுள்ள சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ஆனால் குழாயில் சேர்ந்து அங்கே வருகிற கழிவைத்தான் அது சுத்தம் செய்ய முடியும். வாய்க்காலில் நேராக விழுவது குளத்துக்குத்தான் வரும்.

நுரை, துணி துவைக்கும் பொடியும் சோப்பும் செய்கிற வேலை. நீர் தேங்கி நிற்கும்போது தெரியாது. கலிங்கில் வழிந்து விழும்போது காற்றோடு கலந்து பொங்கும். பச்சையாகத் திரண்டு நிற்பது பாசி, கழிவிலுள்ள சத்தைத் தின்று பெருகியது. அந்த நீரில் நாயைக் குளிப்பாட்டுவதும் கால் நனைப்பதும் வேண்டாம்.

கோடையில் ஒரு நாள் விடிகாலை மீன்கள் செத்து மிதந்தால், உடனே 'யாரோ விஷம் கலந்துட்டாங்க' என்று பேச்சு கிளம்பும். பெரும்பாலும் காரணம் மூச்சுத்திணறல். பாசி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் அதுவே ஆக்சிஜனை உறிஞ்சும். நீர் குறைந்து, சூடேறி, கழிவும் சேர்ந்திருக்கும் நாளில் விடியலுக்குச் சற்று முன் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு வந்துவிடும். ஜிலேபிக் கெண்டை ஓரளவு தாங்கும். கட்லாவும் ரோகுவும் முதலில் போகும். முந்தின நாள் பெய்த திடீர் மழை வாய்க்கால் கசடைக் கிளறிக் கொண்டுவந்திருந்தால் இது இன்னும் கடுமையாகும்.

ஆகாயத்தாமரைய எடுத்துட்டே இருக்காங்க, மறுபடி வந்துட்டே இருக்கே?

தென்னமெரிக்காவிலிருந்து அழகுச்செடியாக வந்தது. சாக்கடைச் சத்துள்ள நீரில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். ஒரு ஏக்கர் மிச்சம் விட்டுவிட்டு வேலையை நிறுத்தினால், இரண்டு மாதத்தில் அது பதினாறு ஏக்கர். எடுக்கும் வேலை தோற்பதற்கு மூன்று காரணங்கள். பாதியில் நிறுத்துவது முதலாவது. எடுத்ததைக் கரையிலேயே குவித்து வைப்பது அடுத்தது: மழையில் அது மறுபடி நீருக்குள் சரியும், இல்லையென்றால் அங்கேயே அழுகி அதன் சத்து குளத்துக்கே திரும்பும். பூத்து விதை விட்டபின் எடுப்பது மூன்றாவது. விதை சேற்றில் பல ஆண்டு உறங்கிக் கிடக்கும், நீர் வற்றி மீண்டும் ஏறும்போது முளைக்கும்.

நீர் குறைந்த ஏப்ரல், மே மாதங்களில், பூக்கும் முன், ஓரம்வரை ஒரே மூச்சில் எடுத்து, அன்றன்றைக்கே லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் எருவாக்க வேண்டும். அதற்குப் பின்னும் சாக்கடை நிற்காவிட்டால் செடி வரும். செடி நோயின் அறிகுறி, நோய் வாய்க்காலில் இருக்கிறது.

தூர்வாரினா எல்லாம் சரியாயிடுமா?

தூர்வாருவது என்றால் எவ்வளவு வேலை என்பதை முதலில் பாருங்கள். 300 ஏக்கர்க் குளத்தில் ஒரே ஒரு அடி வண்டலை முழுப் பரப்பிலும் எடுக்க வேண்டுமானால் ஒரு கோடியே 30 லட்சம் கன அடி மண். இரண்டு யூனிட், அதாவது 200 கன அடி, ஏற்றும் லாரிக்கு ஏறக்குறைய 65,000 நடை. பலன், கூடுதலாக 37 கோடி லிட்டர் நீர். பலன் பெரியதுதான், ஆனால் ஒரு கோடை விடுமுறையில் முடியும் காரியமல்ல.

எங்கே தூர்வாருவது என்பது இன்னும் முக்கியம். வாய்க்கால் அடைந்திருக்கக் குளத்தை மட்டும் ஆழப்படுத்தினால் நீர் வராத ஆழமான பள்ளந்தான் கிடைக்கும். முதலில் அணைக்கட்டு, பிறகு வாய்க்கால், அதன்பின் குளம், இதுவே வரிசை. குளத்துக்குள்ளும் எல்லா இடத்தையும் ஒரே ஆழமாக வெட்டக் கூடாது. மேற்கு ஓரம் முழங்கால் ஆழத்தில் ஆழமில்லாமல் இருக்க வேண்டும். கொக்கு, நாரை, உள்ளான் எல்லாம் நிற்க முடிவது அங்கேதான்.

சீரமைப்பில் நமக்குள்ள பெரிய குறையும் இதுதான். நீர் ஓரத்தைக் கல்லும் கான்கிரீட்டும் வைத்து நேராகக் கட்டிய இடங்களில் சம்பங்கோரையும் நாணலும் போய்விட்டன. அவற்றோடு தாழைக்கோழியும் இலைக்கோழியும் கூடு வைக்கும் இடமும் போயிற்று. மனிதர் நடக்கப் பாதை வேண்டும், சரி. கிழக்குக் கரை நமக்கு, மேற்கு ஓரம் பறவைக்கு என்று பிரித்திருந்தால் இரண்டும் நடந்திருக்கும். இனி வேலை நடக்கிற குளங்களிலாவது இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

என்னென்ன பறவை பார்க்கலாம்?

ஆண்டு முழுதும்: முக்குளிப்பான், நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, சிறு நீர்க்காகம், மடையான், உண்ணிக்கொக்கு, புள்ளிமூக்கு வாத்து, வெண்மார்பு மீன்கொத்தி, செம்பருந்து, ஆள்காட்டி. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா ஆகியவை நீர்மட்டத்தைப் பொறுத்து வந்துபோகும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நீலச்சிறகு வாத்தும் ஊசிவால் வாத்தும் உள்ளான் வகைகளும் வரும்.

இருநோக்கி 8×42 போதும், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குவது. அதைவிடப் பெரிதாக்கினால் கை ஆட்டத்தில் படம் நடுங்கும். பளிச்சென்ற சட்டை வேண்டாம். ஒரே இடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நின்றால், மூழ்கிப்போன முக்குளிப்பானும் வெளியே வரும், கோரைக்குள் ஒளிந்த தாழைக்கோழியும் வரும். புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தை மாதப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நல்ல வாய்ப்பு. 15 நிமிடம் நின்று, பார்த்ததையெல்லாம் எண்ணிப் பதிந்தால் அதுவே கணக்கில் சேரும்.

படகுல போறது பத்திரமா? கட்டணம் எவ்வளவுங்க?

கட்டணம் ஒப்பந்தம் மாறும்போது மாறும். படகுத்துறைப் பலகையில் உள்ளதைப் பார்த்துச் சீட்டு வாங்குங்கள். உயிர்காப்பு உடுப்பின் எல்லா வார்களையும் மாட்டுங்கள், குழந்தைக்கு அதன் அளவில் கேளுங்கள். தோளைப் பிடித்துத் தூக்கினால் உடுப்பு காதுவரை ஏறுகிறதென்றால் அது பெரிது.

வைகாசி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று அடிக்கும். ஆடியில் மதியத்துக்கு மேல் குளத்தில் அலையே எழும். மிதிபடகில் போனால் முதலில் காற்றுக்கு எதிராக, மேற்கே போங்கள். கால் ஓய்ந்தபின் காற்றே உங்களைக் கரைக்குத் தள்ளிவரும். மாற்றிச் செய்தவர்கள்தான் நடுக்குளத்தில் நின்று கையசைப்பார்கள். காற்று மிகுந்த நாளில் படகை நிறுத்திவைத்திருந்தால் வாதாடாதீர்கள்.

வயசானவங்க, சக்கர நாற்காலி?

பாதை சமதளம். கரைமேல் ஏறும் இடத்தில்தான் சரிவு. சாய்தளம் உள்ள நுழைவைக் காவலாளியிடம் கேட்டு வாகனத்தை அங்கேயே நிறுத்துங்கள். மழைக்குப்பின் பளபளப்பான கற்கள் வழுக்கும், ரப்பர் அடி தேய்ந்த செருப்பு ஆகாது. பொழுது சாய்ந்ததும் கொசு வந்துவிடும், முழுக்கை அணிவது நல்லது.

சாப்பிட என்ன கிடைக்கும்?

மாலையில் பக்கத்துச் சாலைகளில் காளான், பானிபூரி, தட்டுவடை செட், அவித்த கடலை. காளான் சூடாகத் தட்டில் கிண்டிப் போடுவதைப் பார்த்து வாங்குங்கள். காலையில் கம்பங்கூழ் வண்டி நிற்கும். தட்டையும் காகிதத்தையும் கரையில் போட்டால் காற்று நேரே நீருக்குக் கொண்டுபோகும்.

மீனுக்குப் பொரி போடலாமா? சாமி சிலையக் கரைக்கலாமா?

பொரியும் ரொட்டியும் மீன் தின்றதுபோக அழுகி, மேலே சொன்ன ஆக்சிஜன் குறையை இன்னும் கூட்டும். வேண்டாம். விநாயகர் சதுர்த்திக்கு முத்தண்ணன்குளம், குறிச்சிக்குளம் போன்றவற்றில் குறித்த நாளில், குறித்த துறையில் மட்டும் கரைக்க ஏற்பாடு இருக்கும். சுட்டெடுக்காத களிமண் சிலை ஒரு இரவில் கரையும். பாரிஸ் சாந்துச் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சிலை மாதக்கணக்கில் கிடந்து, கோடையில் நீர் வற்றும்போது கையும் காலுமாக வெளியே தெரியும். மாலை, துணி, தெர்மோகோல் அலங்காரம் எல்லாவற்றையும் கரையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

ஏதாவது தப்பா நடக்கிறதப் பார்த்தா யாருக்குச் சொல்றது?

குப்பை கொட்டுவது, லாரியில் கழிவுநீர் திறந்துவிடுவது, விளக்கு எரியாதது, கைப்பிடி உடைந்தது: மாநகராட்சி. கரையில் நீர்க்கசிவு, மதகுக் கதவு இறங்காதது, வாய்க்காலில் அடைப்பு: மாநகராட்சியோடு நீர்வளத்துறைக்கும் சொல்லுங்கள். புகாரில் குளத்தின் பெயர், பக்கத்திலுள்ள அடையாளம், நேரம், படம் நான்கும் இருக்கட்டும். கழிவுநீர் லாரியானால் வண்டி எண் தெரியும்படி எடுங்கள். கரையின் வெளிப்புறச் சரிவில் ஊறும் நீர் தெளிவாக இருந்தால் ஓரிரு நாளில் பார்த்துக்கொள்ளலாம். கலங்கி, மண்ணோடு வந்தால் உள்ளே துளை விழுந்துவிட்டது. அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே சொல்லுங்கள், கீழே குடியிருப்பவர்களையும் எச்சரியுங்கள்.